பால்மரமும் பல்செட்டும்

2006 டிசம்பர் 29ஆம் தேதி பிரிட்டிஷ் அரசாங்கம் அமெரிக்காவுக்குச் சுமார் 8 கோடியே 30 லட்சம் டாலரை அனுப்பி வைத்தது. கனடாவுக்கும் கொஞ்சம் போனது. அத்தோடு 1946இல் வாங்கிய கடன் ஒன்று தீர்ந்தது. ஐம்பது தவணை. நடுவில் ஆறு தடவை ‘இந்த வருஷம் முடியலை’ என்று தள்ளிப்போட்டதால் அறுபது வருடம் இழுத்துவிட்டது. அந்தச் செய்தியை நம்மூரில் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. கவனித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கடனின் கதையில் நம் பால்மரங்களும் இருக்கின்றன.

தேசியக் கடன் என்றாலே நம் பேச்சு ஒரே தடத்தில்தான் போகும். யார் வாங்கினான், எவ்வளவு, எவன் தின்றான். 2018க்குப் பிறகு மாமாக் கடை மேசைகளிலும் இதே பேச்சுதான். தப்பில்லை, கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கடன் என்று ஒன்று இருந்தால் அதைக் கொடுத்தவர் என்று ஒருவர் இருக்க வேண்டுமே, அவர் யார்? இதை ஏனோ நாம் கேட்பதில்லை. நான் படித்தது இயந்திரவியல். பணத்தைப் பற்றிப் படித்தாலும் கண்ணுக்குக் குழாய்கள்தான் தெரிகின்றன. எங்கிருந்து ஓடி வருகிறது, எங்கே தேங்குகிறது, வால்வைத் திருகும் கை யாருடையது. 1945க்குப் பிந்தைய லண்டனின் கணக்கை அப்படிப் பின்தொடர்ந்து போனால் ஒரு முனை வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கிறது. இன்னொரு முனை கெடாவிலும் பேராவிலும் சிலாங்கூரிலும் இருந்த ரப்பர் தோட்டங்களில்.

போரில் பிரிட்டன் ஜெயித்தது, ஆனால் கஜானா காலி. ஜப்பான் சரணடைந்த சில நாட்களிலேயே அமெரிக்கா தன் போர்க்கால உதவியை நிறுத்திவிட்டது. பொருளியலாளர் கெய்ன்ஸ் 1945 செப்டம்பரில் வாஷிங்டனுக்குப் போனார். கூட நின்று போரிட்ட நாடு என்பதால் இனாமாகவே கிடைக்கும், குறைந்தபட்சம் வட்டியில்லாமல் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. மூன்று மாதப் பேச்சுக்குப் பிறகு கிடைத்தது 375 கோடி டாலர், 2 விழுக்காடு வட்டி, கூடவே ஒரு நிபந்தனை. கடன் நடப்புக்கு வந்து ஒரு வருடத்துக்குள், பவுண்டு வைத்திருப்பவர் கேட்டால் டாலராக மாற்றிக் கொடுக்க வேண்டும். 1947 ஜூலை 15ஆம் தேதி அப்படியே திறந்துவிட்டார்கள். உலகமே பவுண்டைத் தூக்கிக்கொண்டு டாலர் கேட்டு வரிசையில் நின்றது. ஐந்தே வாரம், ஆகஸ்ட் 20ஆம் தேதி மூடிவிட்டார்கள். பல வருடத்துக்குப் போதும் என்று நினைத்து வாங்கிய கடனில் பெரும்பகுதி அதற்குள் கரைந்திருந்தது. கெய்ன்ஸ் அதைப் பார்க்கவில்லை, முந்தைய ஆண்டு ஏப்ரலிலேயே இறந்துபோயிருந்தார்.

இனி டாலர் வேண்டுமென்றால் சம்பாதிக்க வேண்டும். பிரிட்டனின் தொழிற்சாலைகள் அமெரிக்காவுக்கு விற்றுச் சம்பாதித்தது போதவில்லை. அமெரிக்கர்கள் விரும்பி வாங்கும் பொருளும், அதை விளைவிக்கும் மண்ணும் கையில் வேண்டும். பிரிட்டனிடம் மலாயா இருந்தது.

கெடாவில் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். விடியுமுன் நிரைக்குப் போன பெண் பட்டையைச் சீவிவிட்டு மங்கைப் பொருத்துகிறாள். வடிந்த பால் உறைந்து, ஷீட்டாகி, புகையில் காய்ந்து, பினாங்கில் கப்பலேறி, ஒஹையோ மாநிலத்தின் அக்ரோன் நகரத்து டயர் தொழிற்சாலைக்குப் போகிறது. டயர் கம்பெனி அதற்கு டாலர் கொடுக்கிறது. அந்த டாலர் மலாயாவுக்கு வராது. ஸ்டெர்லிங் வட்டாரம் என்ற ஏற்பாட்டின்படி பவுண்டோடு கட்டப்பட்ட நாடுகளின் டாலர் எல்லாம் லண்டனில் இருக்கும் ஒரே பொதுத் தொட்டிக்குப் போய்ச் சேரும். மலாயாவின் பெயரில் அதற்கு ஈடான பவுண்டு, லண்டன் ஏட்டில் வரவு எழுதப்படும். கோலாலம்பூர் வியாபாரி அமெரிக்க இயந்திரம் ஒன்றை வாங்க நினைத்தால் அனுமதி வாங்க வேண்டும், டாலரை மிச்சம்பிடி என்பது லண்டனின் கட்டளை. தொட்டியை நிரப்புவது ஒருவன், குழாயைத் திறப்பது இன்னொருவன்.

இது ஒரு குழாய்தான். இன்னொன்று மலாயா வெள்ளி நோட்டுக்குள்ளேயே ஓடியது. அன்றைக்கு நமக்கு மத்திய வங்கி கிடையாது, நாணய ஆணையர் வாரியம்தான். ஒரு வெள்ளி நோட்டு அச்சாக வேண்டுமென்றால் அதற்கு ஈடாக 2 ஷில்லிங் 4 பென்ஸ் லண்டனில் இருக்க வேண்டும். அந்தப் பணம் பெட்டியில் தூங்காது. ஸ்டெர்லிங் கடன்பத்திரங்களாக மாறும், அதாவது அரசாங்கங்களுக்குக் கொடுத்த கடனாக. தோட்டத்துக் கடையில் கருவாடு வாங்க ஒருத்தி நீட்டிய ஒற்றை வெள்ளி நோட்டுக்குப் பின்னாலும் லண்டனில் முடங்கிய ஒரு தொகை இருந்தது என்று அர்த்தம். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கிராணிக்கும் தெரிந்திருக்காது, துரைக்கே தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கணக்கைப் பாருங்கள். 1948இல் மலாயாவின் நிகர டாலர் வரவு சுமார் 17 கோடி. காலனிகளில் இரண்டாவது இடம் கோகோ விற்ற கோல்ட் கோஸ்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு. அதன் வரவு 5 கோடிக்கும் குறைவு. உலகின் இயற்கை ரப்பரில் ஏறக்குறைய பாதி அப்போது மலாயாவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது, ஈயம் தனி. ரப்பர் எல்லாமே தோட்டத் தமிழர்கள் வெட்டியது என்று சொல்லிவிட முடியாது. மலாய்க்காரர்களும் சீனர்களும் வைத்திருந்த சிறுதோட்டங்களின் பங்கு பெரியது. ஆனால் எஸ்டேட் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தியர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். எந்த டாலர் எந்தத் தவணைக்குப் போனது என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. தொட்டியில் விழுந்த தண்ணீருக்கு முகவரி ஏது?

*

1948 ஜூன் 18ஆம் தேதி மலாயா முழுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சரியாக 17 நாள் கழித்து, ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. டாக்டர், மருந்து, கண்ணாடி, பல் எல்லாம் இலவசம். வரலாற்றுப் புத்தகங்களில் இந்த இரண்டு தேதிகளும் ஒரே பக்கத்தில் வருவதில்லை. ஒன்று மலேசிய வரலாறு, இன்னொன்று பிரிட்டிஷ் வரலாறு. இரண்டுக்கும் கையெழுத்திட்டது அட்லியின் தலைமையிலான ஒரே தொழிற்கட்சி அரசாங்கம்.

இங்கே தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு அந்த ஜூனிலேயே சட்டவிரோதமாக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் இலக்கிய வட்டத்தில் கணபதியைப் பற்றிப் பேச்சு உண்டு, பெரும்பாலும் தியாகத்தின் மொழியில். எனக்கு அந்தத் தூக்குக் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு கணக்கேடும் தெரிகிறது. டாலர் வரும் ஒரே பெரிய குழாயில் வேலைநிறுத்தம் என்பது லண்டனுக்கு வெறும் கூலித் தகராறாக இருந்திருக்க முடியாது. சங்கங்களை ஒடுக்கியதற்கு டாலர் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கம்யூனிஸ்டுப் போர் என்பது உண்மையிலேயே நடந்த போர். ஆனால் இதே நாட்டில் ரப்பருக்குப் பதில் மரவள்ளி மட்டும் விளைந்திருந்தால் இவ்வளவு படை வந்திருக்குமா?

சரி, லண்டனுக்குப் போவோம்.

இலவசம் என்றதும் பிரிட்டிஷ் தொழிலாளிக் குடும்பங்கள் பல் மருத்துவரிடம் வரிசை கட்டின. அதுவரை சொத்தைப் பல்லோடும் பொக்கை வாயோடும் வாழ்ந்த ஒரு தலைமுறைக்குப் பல்செட் கிடைத்தது. போட்ட மதிப்பீட்டைத் தாண்டிச் செலவு ஓடியது. இந்தச் சேவையை உருவாக்கிய சுகாதார அமைச்சர் அனூரின் பெவன், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவனாக இறங்கியவர். அவருடைய அப்பா நுரையீரலில் தூசு படிந்த நோயால் இறந்தவர். இலவசம் என்பது அவருக்குச் சலுகை இல்லை, கொள்கை.

1950இல் கொரியப் போர். அமெரிக்கா நெருக்க, பிரிட்டன் மூன்று வருடத்துக்கு 470 கோடி பவுண்டில் ஆயுதத் திட்டம் போட்டது. காசு எங்கே? புதிய நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் 1951 ஏப்ரல் 10ஆம் தேதி வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார். பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் இனி மக்கள் பாதி விலை கொடுக்க வேண்டும். அதில் அந்த வருடம் மிச்சமாவது 1 கோடியே 30 லட்சம் பவுண்டு. அதே வருடத்தின் பாதுகாப்புச் செலவு 150 கோடிக்குப் பக்கம். நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. இன்னொரு ஒப்பீடும் உண்டு. டாங்கன்யிக்காவில் நிலக்கடலை பயிரிடப் போகிறோம் என்று கிளம்பி, காய்ந்த களிமண்ணில் டிராக்டர்களை உடைத்துக்கொண்டு, சுமார் 3 கோடியே 60 லட்சம் பவுண்டை அதே வருடம் ஜனவரியில்தான் கைகழுவியிருந்தார்கள். பல்செட்டில் மிச்சம்பிடித்ததைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கடலையில் போச்சு. மண் பரிசோதனையை ஒழுங்காகச் செய்யாமல் இயந்திரத்தை இறக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் துறையில் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள்.

ஏப்ரல் 22ஆம் தேதி பெவன் பதவி விலகினார். அவரோடு ஹெரால்ட் வில்சனும் ஜான் ஃப்ரீமேனும். கட்சி இரண்டாகப் பிளந்து, அக்டோபர் தேர்தலில் தோற்றது. பெவனின் வாதத்தைப் பொதுவாக ‘பல்லா பீரங்கியா’ என்று சுருக்கிவிடுவார்கள். அவர் சொன்னதில் அதைவிடக் கூர்மையான பகுதி வேறு. இந்த 470 கோடியை நீங்கள் நினைத்தாலும் செலவழிக்க முடியாது, அதற்கு வேண்டிய மூலப்பொருளும் இயந்திரமும் கிடைக்காது, அமெரிக்கா வாங்கிக் குவிப்பதில் உலகச் சந்தையில் எல்லா விலையும் ஏறிக் கிடக்கிறது என்றார். பொறியாளன் பாஷையில் சொன்னால், பணத்தை ஒதுக்கிவிட்டாய், பொருள் எங்கே? அதுதான் நடந்தது. அடுத்து வந்த சர்ச்சில் திட்டத்தைக் குறைத்தார். பெவன் சொன்னது தற்செயலாகவாவது சரியாகிவிட்டது என்று நாடாளுமன்றத்திலேயே கொஞ்சம் நக்கலோடு ஒப்புக்கொண்டார்.

பெவன் மேல் எனக்கு மரியாதை உண்டு. சிறிய தொகைக்காகப் பெரிய பதவியை விட்டவர். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. விலை ஏறிய அந்த மூலப்பொருள்களில் முதல் வரிசையில் ரப்பரும் ஈயமும் இருந்தன. அவற்றை எடுப்பவர்களின் பல்லையும் கண்ணையும் பற்றி இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் கவலைப்படவில்லை. கெய்ட்ஸ்கெலும் பெவனும் ஒரே தொட்டியிலிருந்து எந்த வாளியை முதலில் நிரப்புவது என்று சண்டை போட்டார்கள். பிரபுக்கள் சபையில் 1952 பிப்ரவரியில் ஆக்மோர் பிரபு ஒருவர்தான் உடைத்துப் பேசினார். போர் முடிந்ததிலிருந்து இந்த நாட்டு மக்களின் வாழ்க்கைத் தரத்தைப் பெருமளவு தாங்கி நிற்பது மலாயாதான், அது இல்லாவிட்டால் என்ன செய்வோமோ தெரியாது என்ற பொருளில். அவர் தொழிற்கட்சிக்காரர். சொன்னது நன்றியாகவா எச்சரிக்கையாகவா என்பது வேறு விஷயம். இதைச் சொன்ன காலத்தில் மலாயாவில் கூட்டரசு அளவில் ஒரு தேர்தல்கூட நடந்திருக்கவில்லை. முதல் தேர்தல் 1955இல்தான். 1948 ஒப்பந்தத்தின் குடியுரிமை விதிகளைத் தாண்ட முடியாமல் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் அதற்கும் வெளியே நின்றார்கள்.

*

இங்கே என்ன நடந்தது? 1949இல் ஒரு ராத்தல் ரப்பரின் சராசரி விலை 38 காசு. 1951இல் 169 காசு. 1953இல் மறுபடி 67. இந்த மூன்று எண்ணை வைத்தே அன்றைய மலாயாவின் அரசியலைப் பாதி சொல்லிவிடலாம். 1949இல் 3 கோடி வெள்ளிக்கும் குறைவாக இருந்த ரப்பர் ஏற்றுமதி வரி, 1951இல் 20 கோடியைத் தாண்டியது. கூலியும் ரப்பர் விலையைத் தொட்டு ஏறியது, பொய் சொல்லக்கூடாது. அரிசியும் துணியும் சேர்ந்தே ஏறின. விலை விழுந்ததும் கூலி விழுந்த வேகத்தில் மற்றவை விழவில்லை.

வந்த வரிப்பணம் பெரும்பாலும் அவசரகாலத்துக்குப் போனது. பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, 480க்குக் குறையாத புதுக்கிராமங்களில் குடியமர்த்தினார்கள். தோட்டத்து லயங்களையும் சேர்த்துவைத்து முள்வேலி போட்டார்கள். போலீஸ், வேலி, விளக்கு, சாலை. ரப்பர் விலை மட்டும் அந்த இரண்டு வருடம் ஏறியிருக்காவிட்டால் இந்தத் திட்டம் பாதியில் நின்றிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதில் எனக்குச் சந்தேகமில்லை. கொரியாவில் நடந்த போர், மலாயாவில் நடந்த போருக்குச் செலவு கொடுத்தது.

கல்விக்கு? 1952 கல்விச் சட்டம் மலாயும் ஆங்கிலமும் போதனா மொழியான தேசியப் பள்ளிகளைக் கொண்டுவர நினைத்தது. தமிழ்ப் பள்ளிகளும் சீனப் பள்ளிகளும் காலப்போக்கில் அதில் கரைந்திருக்க வேண்டும். எதிர்ப்பு இருந்தது, சீனர்களிடமிருந்து பலமாக. ஆனால் சட்டம் முடங்கியதற்கு இன்னொரு காரணம் சாதாரணமானது. ரப்பர் விலை விழுந்துவிட்டது, அவசரகாலச் செலவு விழவில்லை, பள்ளி கட்டக் காசில்லை. தோட்டத்து ஒற்றைக் கொட்டகைத் தமிழ்ப் பள்ளி அப்படியே இருந்ததற்கு நம் தாய்மொழிப் பற்று மட்டும் காரணம் இல்லை, கஜானா வறட்சியும்தான். நம் மேடைகளில் இந்தப் பாதியைச் சொல்ல மாட்டார்கள்.

லண்டன் ஏட்டில் இருந்த பவுண்டு என்ன ஆனது? காலனிகள் எல்லாம் சேர்ந்து லண்டனில் வைத்திருந்த தொகை 1950களின் தொடக்கத்தில் 100 கோடி பவுண்டை ஒட்டி இருந்தது. வளர்ந்த நாடு ஏழைக்குக் கடன் கொடுத்தது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இந்த ஏட்டில் கொடுத்தவர் பக்கம் நாம் இருக்கிறோம். அதே காலனிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1945 சட்டத்தின்படி பிரிட்டன் பத்து வருடத்துக்கு ஒதுக்கிய வளர்ச்சி நிதி 12 கோடி பவுண்டு.

கடன் கொடுத்தவருக்கு ஒரு ஆபத்து உண்டு, வாங்கியவன் பணத்தின் மதிப்பையே குறைத்துவிடலாம். 1949 செப்டம்பரில் பவுண்டு 4.03 டாலரிலிருந்து 2.80க்கு இறங்கியது, கூடவே மலாயா வெள்ளியும். 1967இல் நடந்தது இன்னும் நேரடியானது. அந்த ஜூனில் பேங்க் நெகாரா புது நோட்டுகளை வெளியிட்டிருந்தது, பழைய நோட்டும் புழக்கத்தில் இருந்தது. நவம்பர் 18ஆம் தேதி லண்டன் பவுண்டை மறுபடி இறக்கியது. அப்போது பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன், ஆமாம், பல்செட்டுக்காகப் பெவனோடு பதவி விலகிய அதே வில்சன். பழைய நோட்டுகளுக்குப் பின்னால் இருந்தது பவுண்டு. அதனால் பழைய ஒரு வெள்ளி ஒரே இரவில் 85 காசு ஆனது, புது நோட்டு அப்படியே நின்றது. யாரிடம் பழைய நோட்டு அதிகம் இருக்கும்? வங்கிக்குப் போகாமல் அரிசிப் பானையிலும் தலையணை உறையிலும் வைத்திருந்தவர்களிடம். நவம்பர் 24ஆம் தேதி பினாங்கில் தொழிலாளர் கட்சி அறிவித்த ஹர்த்தால் கலவரமாக மாறியது. ஊரடங்கு, உயிர்ச்சேதம். பினாங்கு ஹர்த்தாலை இனக்கலவரப் பட்டியலில் சேர்த்துப் பாடம் நடத்துவார்கள். அதன் தொடக்கம் ஒரு நோட்டுக்குப் பதினைந்து காசு.

*

இதெல்லாம் காலனிக் காலத்துக் கதை என்று புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் 1951இல் இன்னொரு சட்டமும் வந்தது, ஊழியர் சேமநிதிச் சட்டம். தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. தோட்டத்துச் சம்பளத்திலும் பிடித்தார்கள். நல்ல சட்டம். கிழவயதில் கையேந்த வேண்டாம் என்பதற்கு நம் மக்களிடம் இருந்த ஒரே உத்தரவாதம் அதுதான். என் பாட்டி தோட்ட வேலையை விட்டபோது கைக்கு வந்த அந்தப் பணத்தில் ஒரு தையல் மெஷினும் ஒரு ஜோடித் தோடும் வாங்கியதாகச் சொல்வார். மிச்சம் என் அத்தையின் கல்யாணத்துக்குப் போச்சு.

சேமநிதி வாரியம் அந்தப் பணத்தை எங்கே வைத்தது? பல பத்தாண்டுகள் நிதியின் பெரும்பகுதியை அரசாங்கக் கடன்பத்திரங்களில்தான் போட வேண்டும் என்பது சட்டம். சுதந்திர மலேசியா கட்டிய சாலையிலும் அணையிலும் பள்ளியிலும் அந்தக் கடன் இருக்கிறது. இது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டில் கையேந்தி, வாஷிங்டனின் நிபந்தனைக்குக் கையெழுத்திட்ட கெய்ன்ஸின் நிலையைவிட ஆயிரம் மடங்கு மேல். வட்டி நமக்கே திரும்பி வருகிறது. ஆனால் குழாயின் அமைப்பு பழையதுதான். கொடுப்பவருக்குத் தான் கொடுக்கிறோம் என்பது தெரியாது.

2018 மே மாதம் புதிய அரசாங்கம் கணக்கைத் திறந்து காட்டியது. நேரடிக் கடன், உத்தரவாதம், குத்தகைப் பொறுப்பு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எட்டாயிரம் கோடி ரிங்கிட்டுக்கு மேல். சிறு பிள்ளைகள்கூட உண்டியலை உடைத்துத் தாபோங் ஹராப்பானுக்குக் கொடுத்தார்கள். 20 கோடி ரிங்கிட்டுக்குச் சற்று மேல் சேர்ந்தது. கடனில் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று அன்றைக்கே கேலி செய்தவர்கள் உண்டு. எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. வேறொன்று தோன்றியது. உண்டியலை உடைத்த அந்தப் பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் மாதாமாதம் அதே அரசாங்கத்துக்கு ஏற்கெனவே கடன் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், சம்பளச் சீட்டின் கழிவுப் பத்தியில். உள்நாட்டில் மலேசிய அரசுக் கடன்பத்திரங்களை மிக அதிகமாக வைத்திருப்பவர்களில் ஊழியர் சேமநிதி வாரியமும் ஒன்று.

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் வாக்கில் வரவு செலவுத் திட்டம் வருகிறது. தமிழ் நாளேடுகளின் முதல் பக்கத்தில் இந்தியர்களுக்கு எத்தனை கோடி, தமிழ்ப் பள்ளிகளுக்கு எத்தனை கோடி என்று தலைப்பு வரும், போன வருடத்தோடு ஒப்பிடுவார்கள், கூடிற்று குறைந்தது என்று இரண்டு நாள் சண்டை. அடுத்த வருடம் பிப்ரவரி மார்ச்சில் சேமநிதியின் லாப ஈவு அறிவிப்பு வரும். அதுவும் முதல் பக்கம்தான், எத்தனை விழுக்காடு என்று கொட்டை எழுத்தில். இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய தலையங்கம் ஒன்றை நான் இன்னும் படித்ததில்லை.